சொல் அறிவோம்: ‘ஸ்பேர்’

அன்றாடப் பேச்சில் நாம் எடுத்தாளும் ஆங்கிலச் சொற்களுள் ‘ஸ்பேர்’ என்பதும் ஒன்றாகும். அதன் பொருள்களை இப்பாடத்தில் காண்போம்.

1. எஞ்சியிருப்பது: ‘ஸ்பேர் டைம்’ என்றால் வேலை முடிந்தபின் எஞ்சும் ஓய்வு நேரம்.

2. கொடுத்துதவுதல்: ‘கேன் யூ ஸ்பேர் மீ டென் ரிங்கிட்?’ என்றால், ‘உங்கள் தேவை போக எனக்குப் பத்து ரிங்கிட் தர இயலுமா?’ என்பது பொருள். இங்கு இது வினைச்சொல்.

3. மாற்றாக வைத்திருப்பது: ஸ்பேர் டயர், ஸ்பேர் சாவி என்பன இவ்வகை. ஒன்று பழுதுற்றால் அதன் இடத்தை நிரப்ப ஆயத்தமாக இருப்பதே ஸ்பேர். காற்றில்லாத டயரை லாரியில் சுமந்து சென்றால் அது ஸ்பேர் ஆகாது. வெறும் சுமையே ஆகும்.

இந்த மூன்றாம் பொருளுக்கு நமது காஜாங்கிலேயே சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களில் காப்பியே முதன்மைப் பயிர். அக்காலத்தில், 1895 வாக்கில், காஜாங் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ஏறத்தாழ ஐந்து ஏக்கரில் ரப்பர் நட்டனர். சில ஆண்டுகளில், பிரேசிலின் மிகுதியான விளைச்சலால் உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தது. ரப்பர் மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் வேண்டும். விலை சரிந்த பிறகு கன்று நட்டவர்கள் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. முன்பே நட்டவர்களுக்கோ மாற்றுப் பயிர் வளர்ந்து நின்றது. ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது இதுவன்றோ!

பிற்காலத்தில் அந்த ரப்பருக்கும் அதே நிலை வந்தது. காஜாங் வட்டாரத்தில் பல ரப்பர்த் தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்ட வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டியிருக்கும். ஆகவே நமது ஸ்பேர் எது என்று இப்பொழுதே எண்ணிப் பார்த்தல் நலம். 1951 முதல் நடைமுறையிலுள்ள ஊழியர் சேமநிதி அவற்றுள் ஒன்று. விதிகளுக்குட்பட்டு, அதில் ஒரு பகுதியைச் சொந்த வீடு வாங்குவதற்கு எடுக்கலாம். பிள்ளைகளின் கல்வியும், ஓய்வு நேரத்தில் கற்கும் மற்றொரு தொழிலும் அவ்வாறே. இவையும் ரப்பர்க் கன்று போலத்தான். பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும்.

பயிற்சி: கீழ்க்காணும் தொடர்களில் ‘ஸ்பேர்’ எப்பொருளில் வந்துள்ளது?

அ) மரம் சீவப் போகும்போது ஸ்பேர் உளி ஒன்றை எடுத்துச் செல்க.
ஆ) ஸ்பேர் டைமில் என் மகள் தையல் பழகுகிறாள்.
இ) எனக்கு ஐந்து நிமிடம் ஸ்பேர் பண்ணுங்கள்.

விடை: அ–3, ஆ–1, இ–2.