எஞ்சின் கிணுகிணுக்கிறதா?
செராங்கூன் ரோட்டு நெரிசலில் ஊர்ந்துவிட்டு, மேம்பாலத்தில் பெரிய கியரிலேயே முறுக்கும்போது டப்பாவில் கோலி உருட்டினாற்போல் சத்தம் வருகிறதா? முதலில் ஒரு கியர் குறையுங்கள். கையேடு 95 ஆக்டேன் கேட்டால் 92 போடாதீர்கள். அப்படியும் அடங்காவிட்டால் பிளக், கரிப்படிவு, கூலன்ட், இக்னிஷன் டைமிங் பார்க்கச் சொல்லுங்கள். 98 ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது பர்சுக்குத்தான் கேடு.

புது வண்டியென்றால், "எல்லா வண்டியும் இப்படித்தான்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். புகாரைத் தேதி, கிலோமீட்டரோடு ஜாப் ஷீட்டில் எழுதவைத்து நகல் வாங்குங்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி, 6 மாதத்துக்குள் தெரியும் குறை, விற்றவர் மாற்றி நிரூபிக்காதவரை, ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். தயாரித்தவரைத் தேடி அலைய வேண்டாம். இதில் பொறுப்பு விற்றவருக்கு. இழுத்தடித்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம்.