பிரியமானதைக் கொடுத்தல்

நேசிக்கும் பொருளிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை நீங்கள் அடைந்து கொள்ளமாட்டீர்கள் என்னும் கருத்துடையது ஆலு இம்ரான் ஸூராவின் 92-வது ஆயத்து. செலவு செய்யுங்கள் என்று மட்டும் கூறி அல்லாஹு தஆலா விட்டுவிடவில்லை. நிறம் மங்கிய சேலையையும் அடி ஒடுங்கிய பாத்திரத்தையும் கொடுப்பதற்கு நமக்கு ஆயத்தே தேவையில்லையே! (அதற்குக் கூலி இல்லை என்று நாம் சொல்லவரவில்லை.)

இந்த ஆயத்து இறங்கிய காலத்தில், மதீனத்து அன்ஸாரிகளில் பேரீச்ச மரங்கள் மிகுதியாக உடையவர்களாக ஹழ்ரத் அபூதல்ஹா (ரலி) அவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மிகப் பிரியமானது ‘பைருஹா’ என்னும் தோட்டம். அது மஸ்ஜிதுக்கு எதிரே இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அங்கே சென்று அதன் நல்ல தண்ணீரை அருந்துவார்கள். ஆயத்தைக் கேட்டதும் அபூதல்ஹா நாயகத்திடம் வந்தார்கள். பைருஹாவை அல்லாஹ்வுக்காகத் தந்துவிட்டதாகவும், நாயகம் அதைத் தங்கள் விருப்பப்படி செய்யலாமென்றும் கூறினார்கள். அது இலாபம் தரும் பொருள் என்று பாராட்டிய நாயகம், அதை நெருங்கிய உறவினர்களுக்குக் கொடுக்கும்படிச் சொன்னார்கள். அவ்வாறே உறவினருக்கும் தந்தையின் சகோதரர் மக்களுக்கும் அது பங்கிடப்பட்டது.

இங்கே சற்று நிற்க வேண்டும். தோட்டத்தைக் கொடுத்தவர், அது யாருக்குப் போக வேண்டும் என்ற உரிமையையும் சேர்த்தல்லவா கொடுத்தார்கள்! நம் வீடுகளில் பொருள் கைமாறும், மனம் கைமாறாது. "நான் கொடுத்த தையல் மெஷினை விற்றுவிட்டாளாமே" என்று வருஷக் கணக்கில் பேசுவோம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டி ஸதகாவைப் பாழாக்காதீர்கள் என்று அல் பகரா ஸூராவின் 264-வது ஆயத்து தடுப்பது இதைத்தான். பைருஹாவில் பங்கு பெற்றவர்களில் ஒருவரான ஹஸ்ஸான் (ரலி) அவர்கள், பிற்காலத்தில் தம் பங்கை முஆவியா (ரலி) அவர்களுக்கு விற்றார்கள் என்று புகாரியில் வருகிறது. அபூதல்ஹாவின் ஸதகாவையா விற்கிறீர் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள்.

அப்படியானால் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமா என்று தாய்மார்கள் கேட்கலாம். ஹிஜ்ரி 9-ல் தபூக் போருக்குச் செல்லாமல் தங்கிவிட்ட கஃபு பின் மாலிக் (ரலி) அவர்கள், தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் தம் செல்வம் முழுவதையும் ஸதகாவாக்க முன்வந்தார்கள். கொஞ்சம் வைத்துக் கொள்ளும். அது உமக்கு நல்லது என்றார்கள் நாயகம். கைபரில் இருந்த தம் பங்கை மட்டும் கஃபு வைத்துக் கொண்டார்கள்.