படியைப் பார்த்தே திரும்பிப் போகாமலிருக்க…

பழைய சுண்ணாம்புக் கட்டடம் ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையமாக மாற்றும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறதா, தங்கச்சி? உள்ளே போகும் முன் வாசலில் கொஞ்ச நேரம் நில். என் அம்மாவை அப்படியொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மூன்று உயரப் படிகளைப் பார்த்ததுமே, "வேணாம்மா, வீட்டுக்கே போயிடலாம்" என்றாள். அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என் கண் முதலில் படிக்குத்தான் போகிறது.

ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், இதுதான் சாய்தளக் கணக்கு. 6 அங்குலப் படிகள் மூன்று இருந்தால் 18 அடி வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டுவிடாதே. பக்கவாட்டில் திருப்பி, நடுவே நின்று மூச்சு வாங்கச் சமதளம் விட்டு, இருபுறமும் கைப்பிடி வை. நிலைப்படியை அறுக்கலாம் என்பார்கள், சம்மதிக்காதே. முன்னும் பின்னும் சின்ன மரச் சரிவு வைத்தால் சக்கர நாற்காலி போய்விடும்.

திண்ணையும் முற்றமும் இருந்தால் நீ கொடுத்து வைத்தவள். ஏசிக்காக முற்றத்தை மூடாதே, மேல் ஜன்னல்களை அடைக்காதே. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் அந்தக் காற்று வெளியே போய்விடும். இருமலோடு வருகிறவர்களைத் திண்ணையில் உட்கார வை. ஒதுக்கி வைத்ததாக அவர்கள் நினைக்கக் கூடாது. மின்விசிறியும் குடிதண்ணீரும் அங்கேயும் இருக்கட்டும்.

சுவர் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இரு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் ஓதம் மேலே ஏறும், உப்புப் பூக்கும், இரண்டு மழைக்காலத்தில் பொரிந்து உதிரும். தடுப்பூசி போடும் அறையில் அந்தப் பொடி விழலாமா? கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடி. கழிப்பறையைப் பழைய சுவரை ஒட்டிக் கட்டாதே. மெட்ராஸ் டெரஸ் மாடியில் கனமான அலமாரிகளை ஏற்றாதே. அடியில் தாங்குவது மரக்கட்டைகள்தான்.

உயரமான கூரையில் பேச்சு எதிரொலிக்கும். வெள்ளைப்படுதல் பற்றிச் சொல்ல வந்த பெண், வரிசையில் நிற்பவருக்குக் கேட்குமே என்று வாயை மூடிக்கொள்வாள். திரைச்சீலை போதாது. கதவு உள்ள அறையைப் பெண்களுக்கு ஒதுக்கு. 1885-ல் டாக்டர் மேரி ஷார்லிப் சென்னையில் கோஷா பெண்களுக்கு, அதாவது திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்கு, தனி மருத்துவமனை தொடங்கியது இதுபோன்ற தயக்கத்தைப் பார்த்துத்தான். திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இன்றும் நடக்கிறது. பெரியவர்களுக்கு அது இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான்.

திறப்பு விழாவுக்கு முன் ஒரு பாட்டியையும், சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரையும், கைக்குழந்தைக்காரி ஒருத்தியையும் கூப்பிடு. வாசலிலிருந்து மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை தனியாகப் போய் வரச் சொல். எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்களோ, அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டு ரிப்பனை வெட்டு.