தீவனப் பரிசோதனையில் புரதம் சரி, தீவனம் சரியா?

கறவை மாட்டுக்குப் புண்ணாக்கோ கலப்புத் தீவனமோ வாங்குவோர் முதலில் கேட்பது, புரதம் எத்தனை சதவிகிதம் என்பதையே. பரிசோதனை அறிக்கையில் அந்த எண் சரியாக இருந்தும், பால் குறைவதும் மாடு நோயுறுவதும் உண்டு. பரிசோதனை எதை அளக்கிறது, எதைக் காணாமல் விடுகிறது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

அளப்பது நைட்ரஜனையே

டென்மார்க் நாட்டு ரசாயன அறிஞர் கெல்டால் 1883-ல் வகுத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளக்கிறார்கள். புரதத்தில் சுமார் 16 சதவிகிதம் நைட்ரஜன் இருப்பதால், கிடைத்த அளவை 6.25-ஆல் பெருக்கி, 'கச்சாப் புரதம்' என்று எழுதுகிறார்கள்.

அந்த நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்பதை இம்முறை காட்டாது. யூரியாவில் 46 சதவிகிதம் நைட்ரஜன் உண்டு. 100 கிலோ தீவனத்தில் 1 கிலோ யூரியா இருந்தாலே, அறிக்கையில் புரதம் ஏறக்குறைய 3 சதவிகிதம் கூடிவிடும். அசைபோடும் மாடு சிறிதளவு யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும். அளவு மிஞ்சினால் வயிற்றில் அம்மோனியா பெருகி, வயிறு உப்பி, நடுக்கம் கண்டு மாடு இறக்கவும் கூடும். இளங்கன்றுக்கும் கோழிக்கும் யூரியாவால் புரதப் பயனே இல்லை.

சீனாவில் 2008-ல் நடந்ததும் இதுவே. தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைவது தெரியாதிருக்க, பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் மெலமினைச் சேர்த்தார்கள். அதில் சுமார் 66 சதவிகிதம் நைட்ரஜன். ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. 6 குழந்தைகள் இறந்தன. நைட்ரஜனை அளந்த முறையில் பிழையில்லை. மெலமினைத்தான் அது தேடவில்லை.

பெயர் தெரியாத கலப்படம்

யூரியாவுக்கெனத் தனிச் சோதனை உண்டு. யூரியா இருந்தால் மஞ்சள் நிறம் தோன்றும். ஆனால் அது மெலமினைக் காட்டாது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதபோது உதவுவது 'உண்மைப் புரதம்' காணும் முறை. புரதத்தை மட்டும் வீழ்படிவாக்கிப் பிரித்து, அதிலுள்ள நைட்ரஜனை அளப்பார்கள். கச்சாப் புரதத்துக்கும் உண்மைப் புரதத்துக்கும் சிறு வித்தியாசம் இயல்பு. பெரிய வித்தியாசம் இருந்தால், ஏதோ கலந்திருக்கலாம் என்று சந்தேகித்து மேற்கொண்டு ஆராயவேண்டும்.

சோதனைக்கே ஒரு சோதனை

நல்ல ஆய்வுக்கூடம் தன் முறையையும் சோதித்துப் பார்க்கும். சுத்தமான தீவனத்தில் தெரிந்த அளவு யூரியாவைக் கலந்து, ஆய்வாளருக்குச் சொல்லாமல் கொடுப்பார்கள். கலந்தது 10 கிராம், கண்டது 9 கிராம் என்றால், மீட்பு 90 சதவிகிதம். கலப்படமற்ற மாதிரியையும் உடன் வைப்பார்கள். அதில் யூரியா 'உண்டு' என்று முடிவு வந்தால் முறையில் கோளாறு. எவ்வளவு குறைந்த அளவு வரை அம்முறை காட்டும் என்பதையும் கணக்கிடுவார்கள். ஆகவே 'கண்டறியப்படவில்லை' என்றால், அந்த அளவுக்கு மேல் அந்தப் பொருள் இல்லை என்று மட்டுமே பொருள்.

கவனிக்கவேண்டியவை

* ஒரே மூட்டையில் எடுக்காமல், பல மூட்டைகளின் மேல், நடு, அடிப் பகுதிகளில் எடுத்து நன்கு கலந்து மாதிரி அனுப்பவும்.

* அதில் ஒரு பகுதியை ஈரம் படாமல் கட்டி வீட்டில் வைத்திருக்கவும்.

* கச்சாப் புரதத்துடன் யூரியாவையும் உண்மைப் புரதத்தையும் பார்க்கும்படி எழுதிக் கேட்கவும்.

* அறிக்கை வந்ததும், எவற்றைத் தேடினார்கள், எந்த அளவு வரை காணமுடியும் என்று விசாரிக்கவும். தேடாத பொருளைப் பற்றி அறிக்கை எதுவும் சொல்லாது.