கோடைவாசமும் துரைமார் கடையும்

கிருஷ்ணன்கோவில் சந்திப்பில் பேருந்துக்குக் காத்து நிற்போர் மேற்கே நிமிர்ந்து நோக்கினால் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். சித்திரை, வைகாசி வெயிலில் தறிக்குழியிலிருந்தும் தோப்பிலிருந்தும் வெளிப்படும் நம்மவர் பார்வை அம்மலைமீது சென்று தங்குவது இயல்பே. அம்மலைகளுக்கு அப்பால், கம்பம் பள்ளத்தாக்கையும் தாண்டி, வடக்கே பழனிமலை. அதன்மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் கோடை விடுமுறைக்கு அங்கு எவ்வாறு சென்றனர், எங்கே தங்கினர், யாரிடம் என்ன வாங்கினர் என்பதை இம்மாதப் பாடத்திற்கு எடுத்துக்கொண்டோம். துரைமாரின் உல்லாசக் கதை நமக்கு எதற்கு என உறுப்பினர் சிலர் வினவக்கூடும். நெய்வோர்க்கும் பயிரிடுவோர்க்கும் அக்கதையில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது; அதன் பொருட்டே எழுதுகிறோம்.

மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் கொடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு 1863-இல் ஏரியை உண்டாக்கினார். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவ்வூரில் 1,912 பேரே இருந்தனர். அக்கணக்கு மார்ச்சு முதல் நாளில், அதாவது பருவம் பிறக்குமுன் எடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. ஏப்பிரலில் கூட்டம் ஏறத் தொடங்கும். மழை தொடங்கியதும் இறங்கிவிடும். ஓராண்டின் வரவெல்லாம் அந்த எட்டுப் பத்து வாரங்களுக்குள் அடங்கவேண்டிய ஊர் அது.

அக்காலத்தில் மலைக்கு வண்டிப்பாதை இல்லை. இரயிலில் வருவோர் அம்மையநாயக்கனூரில் இறங்குவர். கொடைக்கானல் ரோடு என்று இன்று வழங்கும் நிலையம் அதுவே. அங்கிருந்து முப்பது மைலுக்கு மேல் மாட்டுவண்டிப் பயணம். இரவெல்லாம் வண்டி ஓடும். இடையிடையே மாடு மாற்றுவர். பெரியகுளத்தின் பக்கத்தில் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் விடியற்காலையில் இறங்கி, அதன்பின் பதினொரு மைல் அளவுள்ள மலைப்பாதையில் ஏறவேண்டும். துரைமார் குதிரையில் ஏறினர். துரைசானிகளும் குழந்தைகளும் தடி கட்டிய நாற்காலிகளில் ஆட்களின் தோள்மீது ஏறினர். படுக்கை, பாத்திரம், பெட்டி அனைத்தும் தலைச்சுமையாகச் சென்றன. முதல் உலகப்போர் ஆண்டுகளில் வத்தலக்குண்டு வழியே மலைச்சாலை அமைந்த பிறகே இந்நிலை மாறிற்று. கொடைக்கானல் கடையில் ஒரு சீசாச் சரக்கு விலையேறி நின்றதற்கு இந்தப் பதினொரு மைல் ஏற்றமும் ஒரு காரணம். ஆயினும் அந்த ஏற்றத்தின் பயன் சுமந்தவன் கையில் எவ்வளவு தங்கியிருக்கும் என்பதைப் படிப்போரே ஊகித்துக்கொள்ளலாம்.

தங்குமிடம் பற்றிக் கூறுவோம். மலையூர்களில் விடுதிகள் சிலவே. பெரும்பாலோர் பருவம் முழுமைக்கும் வீடு வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் முதலான வேலையாட்களைக் கீழிருந்தே அழைத்துச் செல்வர். பாதிரிமாருக்கு அவரவர் சபை வீடுகள் இருந்தன. விடுதிக்காரர் நிலையை எண்ணிப் பார்த்தால் அது நம் தீபாவளிச் சேலை வியாபாரத்தை ஒத்தது. அறைகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும்; கூரைச் செலவும் காவற்கூலியும் பன்னிரண்டு மாதமும் உண்டு; ஆதலால் பத்து வாரத்து வாடகையில் ஆண்டுச் செலவு முழுவதும் ஏறிவிடும். இத்தொழிலில் எல்லோரும் நிலைத்தாரில்லை. கொடைக்கானலில் ஹைக்ளர்க் என்ற விடுதி இருந்த இடத்தில் 1901-இல் பாதிரிமார் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று பன்னாட்டுப் பள்ளியாக விளங்குவது அதுவே.

நம்மவர்க்கு இவ்விடுதிகளும் ஐரோப்பியர் கழகங்களும் உரியவையாக இருக்கவில்லை. பயணம் சென்ற தமிழர் சத்திரங்களில் தங்கினர். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே இன்றும் நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தை அறியாதார் நம் பகுதியில் இலர். நமக்குரிய குளிர்ச்சி குற்றாலத்தில் இருந்தது. அது கோடைக்கன்று, ஆனி ஆடிச் சாரலுக்கு. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-இல் இரயில் ஓடத் தொடங்கியபின் அருவிக்குளியல் இப்பகுதி எளியோருக்கும் எட்டிற்று.

இனிக் கடைக்கு வருவோம். நம் பாடத்தின் நடுப்பகுதி இதுவே. சென்னை மாகாணத்தில் ஐரோப்பியர் கடை என்றவுடன் ஸ்பென்சர் பெயரே முன் நிற்கும். 1863-இல் சென்னையில் தோன்றிய அக்கடை, 1882-க்குப் பின் ஓக்ஷாட் என்பவர் கையில் பெருகி, மலையூர்களிலும் கிளை பரப்பியது. சீமை வெண்ணெய், டப்பாவில் அடைத்த மீன், மதுவகை, கம்பளி உடை, தொப்பி யாவும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தன. அக்கடை கடையாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதை உறுப்பினர்கள் கவனிக்கவேண்டும். சென்னைக் கன்னிமரா விடுதி 1891-இல் ஓக்ஷாட் வசம் வந்தது. தென்னிந்திய இரயில்வே நிலையங்களின் உணவுச்சாலைகளையும் அந்நிறுவனம் நடத்திற்று. திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையும் வைத்திருந்தது. வழியில் உண்டாலும், விடுதியில் உறங்கினாலும், கடையில் வாங்கினாலும், இறுதியில் சுருட்டுப் புகைத்தாலும் பணம் ஒரே பெட்டிக்குச் செல்ல வழி செய்திருந்தார்கள். திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலைக் குடியானவன் பச்சை இலையின் விலையோடு நின்றான். பாடம் செய்வதும், சுருட்டுவதும், பெட்டியில் அடுக்கி முத்திரையிடுவதும் ஆகிய ஒவ்வொரு படியிலும் ஏறிய விலை வேறிடம் சேர்ந்தது. கெட்டிக்காரத்தனம் என்று நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு மாறாக வேறொரு வியாபாரமும் நடந்தது. பெட்டிக்காரர் எனப்பட்ட சில்லறை வியாபாரிகள் விடுதித் தாழ்வாரத்தில் மூட்டையை அவிழ்த்துப் பட்டும் சால்வையும் விரிப்பர். கடையில் சொன்னது விலை; தாழ்வாரத்தில் பேசியது விலை. துரைசானி பாதிக்குக் கேட்பதும் வியாபாரி அழுவதும் அன்றாட நாடகம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த பின்னல் சரிகையாகிய ‘லேஸ்’ வேலையோ இவ்விரண்டு வழியிலும் சேராமல், பெரிதும் பாதிரிமார் தொடர்பு வழியாகவே ஐரோப்பியர் வீடுகளுக்குச் சென்றது. வாங்குவோரை அறிந்தவர் இடையில் இருந்தமையால் அக்கைத்தொழில் நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

இப்போது, உறுப்பினர் பலரும் எதிர்பாராத செய்தி ஒன்று. இந்தியாவில் பணிபுரிந்த துரைமார் விடுமுறைக்கு வேண்டியவற்றைக் கடையில் வாங்கியதோடு, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவும் வாங்கினர். இலண்டனில் 1871-இல் தரைப்படை, கடற்படை அதிகாரிகள் சிலர் கூடி, வியாபாரிகள் வாங்கும் அதிக விலையைத் தாங்கமாட்டாமல், மொத்தமாகக் கொள்முதல் செய்து தமக்குள் பகிர்ந்துகொள்ள ஒரு சங்கம் அமைத்தனர். ‘ஆர்மி அண்டு நேவி கூட்டுறவுச் சங்கம்’ என்பது அதன் பெயர். உறுப்பினர் சீட்டு உள்ளோரே அங்கு வாங்கலாம். கூடாரம் முதல் குண்டூசி வரை விவரித்த அதன் விலைப்பட்டியல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. மலைவாசத் தாழ்வாரத்தில் அமர்ந்து அதைப் புரட்டி, கப்பலில் சரக்கு வரவழைப்பர். 1890-களில் பம்பாயிலும், பின்னர் கல்கத்தாவிலும் அதற்குக் கிளைகள் ஏற்பட்டன. நாடாளும் அதிகாரமும் கைநிறையச் சம்பளமும் உடையவரே தனித்து வாங்கினால் கட்டாது என்று கண்டு சேர்ந்து வாங்கினர்!

ஆனால் அவர்கள் முறைக்கும் நம் முறைக்கும் வேறுபாடு உண்டு. ஒரு பொருளின் அடக்கவிலை 10 ரூபாய், கடைத்தெரு விலை 12 ரூபாய் எனக் கொள்வோம். அதிகாரிகளின் சங்கம் அதைப் பத்தரைக்கு விற்க முயன்றது. உறுப்பினர்க்கு ஆதாயம் அப்போதே கிட்டும், சங்கத்தில் சேர்வது சொற்பம். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 1844-இல் 28 பேர் தொடங்கிய கடையோ சந்தை விலையாகிய 12-க்கே விற்றது. அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். மீதம் 2 ரூபாயில் செலவு போக நின்றதைச் சேமநிதிக்கும் கல்விக்கும் ஒதுக்கி, எஞ்சியதை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பித் தந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் தோன்றிய பண்டகசாலை இவ்வழியைப் பின்பற்றியது. அதிகாரிகள் சங்கத்தில் நாளடைவில் பங்குதாரர் இலாபமே முன்னுக்கு வந்தது. எல்லோர்க்கும் கடை திறக்கப்பட்டது. 1934-இல் பெயரிலிருந்த ‘கூட்டுறவு’ என்ற சொல்லும் நீங்கிற்று.

அதற்கு அடுத்த ஆண்டு, 1935-இல், நீலகிரியில் நடந்ததைச் சொல்லவேண்டும். அங்கு உருளைக்கிழங்கும் சீமைக் காய்கறிகளும் 1820-களில் கலெக்டர் சல்லிவன் காலத்தில் பரவியவை. கோடைவாசிகள் மேசைக்கெனத் தொடங்கிய பயிர், சமவெளிக்கும் செல்லும் பெருவிளைச்சலாயிற்று. மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். விதைக்கும் உரத்துக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் பெற்றவன், விலை எதுவாயினும் அவரிடமே சரக்கை இறக்கவேண்டும். தரகும் எடைக்கழிவும் வேறு. 1935-இல் அமைந்த நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உறுப்பினர்க்குக் கடனும் உரமும் தந்தது. மேட்டுப்பாளையத்திலேயே சரக்கை ஏலத்தில் விற்று, கடனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கணக்குச்சீட்டுடன் கொடுத்தது. நம் கைத்தறித் துணிகளை விற்கும் கோ-ஆப்டெக்சு பிறந்ததும் அதே 1935-இல்தான்.

மலைக்கு ஏறுவோர் தொகை இன்று துரைமார் காலத்தினும் பன்மடங்கு. ஏப்பிரல், மே மாதங்களில் கிருஷ்ணன்கோவில் வழியே செல்லும் வண்டிகளில் குடும்பங்கள் நிறைந்திருக்கின்றன. அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்திப் பால்கோவா வாங்குகிறார்கள். அருகிலுள்ள சுந்தரபாண்டியத்தில் தறி ஓடுவதை அவர்களுள் அறிந்தவர் எத்தனை பேர் இருப்பர்? நம் சங்கத்தின் அடுத்த மாதப் பேச்சுக்கு இக்கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். துண்டு, போர்வை போன்ற பயணத்துக்கு ஏற்ற சரக்கு நம்மிடம் எவ்வளவு இருப்பில் உள்ளது என்ற கணக்கை உறுப்பினர்கள் எழுதிக்கொண்டு வருவார்களாக.