கெளுத்தி பிடிக்கப் போகலாமா?

சித்திரை, வைகாசி மாதங்களில் ஏரித் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு இறங்கியதும், ஊரே சேற்றில் இறங்கி மீன் பிடிப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அப்படி இறங்கியவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு வயது பதினொன்று. மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய ஊத்தாவைச் சேற்றில் குத்தினேன். உள்ளே ஏதோ துள்ளியது. மேல்வாய் வழியாகக் கையை விட்டு, நழுவிவிடப் போகிறதே என்று இறுகப் பற்றினேன். அடுத்த நொடி, பெருவிரலில் நெருப்பை வைத்தாற்போல் இருந்தது. வலி முழங்கைவரை ஏறியது. நான் பிடித்தது தேளி. பெயரிலேயே தேள் இருப்பதை அன்றுதான் கவனித்தேன்!

கரையில் இருந்த டீக்கடைக்காரர் என் அழுகையைக் கேட்டு ஓடிவந்தார். பாய்லர் வெந்நீரை ஒரு போணியில் ஊற்றினார். பச்சைத் தண்ணீர் கலந்தார். முதலில் தம் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகுதான் என் கையை வைக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் வலி தணியத் தொடங்கியது.

அவர் ஏன் முதலில் தம் கையை விட்டுப் பார்த்தார்? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடைக்குப் பிறகு வருவோம். அதற்கு முன் இந்த மீனைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். கெளுத்தியைப் பிடிப்பவர் செய்வதும், சமைப்பவர் செய்வதும் அந்த மீனின் உடலமைப்புக்கு ஏற்ற மறுமொழிகளே. அந்த உடலமைப்போ, கலங்கிய, இருண்ட, காற்றுக் குறைந்த நீருக்கு ஏற்ற மறுமொழி.

சேற்றில் மூச்சு விடுவது எப்படி?

மீன்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செவுள்களால் பெறுகின்றன என்று படித்திருக்கிறீர்கள். அந்த ஆக்சிஜன் எவ்வளவு தெரியுமா? 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிக அளவாக ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வெப்பம் ஏற ஏற, நீரில் வாயு கரையும் அளவு குறையும். இத்துடன் இலைதழைகள் அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனும் செலவாகிவிடுகிறது. கோடையில் வற்றிய ஏரியில் கெண்டை மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது நீருக்கு மேலே உள்ள காற்றைப் பாருங்கள். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதாவது நீரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 36 மடங்கு! தேளி இந்தச் செல்வத்தைப் பயன்படுத்தத் தெரிந்த மீன். அதன் செவுள் அறையிலிருந்து இரண்டு நீண்ட குழாய் போன்ற காற்றுப் பைகள் முதுகுத் தசைகளுக்குள் பின்னோக்கிச் செல்கின்றன. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, மீண்டும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே மற்ற மீன்கள் செத்தபின்னும் தேளி சேற்றில் உயிரோடிருக்கும். சந்தையில் ஈரத் துணி போர்த்திய கூடையில் மணிக்கணக்காக உயிரோடு விற்கப்படுவதும் இதனால்தான். எல்லாக் கெளுத்திகளுக்கும் இந்தக் காற்றுப் பை உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். நமது சாதாரண நாட்டுக் கெளுத்திக்கு அது கிடையாது.

மீசை எதற்கு?

கெளுத்திக்கும் தேளிக்கும் வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள் இருக்கும். இவை அழகுக்காக அல்ல, இவை நாக்குகள்! மீசை முழுவதும் சுவை மொட்டுகள் நிறைந்திருக்கின்றன. மீசையில் மட்டுமன்றி உடல் தோலிலும் அவை உண்டு. அமெரிக்காவில் வாழும் ஒரு கெளுத்தி இனத்தில், ஒரே மீனின் உடலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சுவை மொட்டுகள் கணக்கிடப்பட்டுள்ளன. நம் நாவில் இருப்பவை சில ஆயிரங்களே. கண்ணுக்கு எட்டாத கலங்கல் நீரில் உடலெல்லாம் நாக்காக அலையும் மீன் அது.

அப்படியானால் தூண்டிலில் மண்புழுவைக் கோத்து எங்கே போட வேண்டும்? தேங்கிய நீரிலா, மெல்ல ஓடும் நீரிலா? இங்கேதான் இயற்பியல் வருகிறது. அசையாத நீரில் ஒரு பொருளின் மூலக்கூறுகள் தாமாகப் பரவுவது மிக மிக மெதுவான செயல். பரவலை மட்டுமே நம்பினால், புழுவின் சாறு ஒரு மீட்டர் தொலைவைக் கடக்கப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகும்! நீர் அசைந்தால்தான் சுவைச் செய்தி மீனைச் சென்றடையும். ஆகவே அனுபவசாலிகள் மதகை ஒட்டியும், வாய்க்கால் ஏரியில் விழும் இடத்திலும் தூண்டில் போடுகிறார்கள். இரையைத் தரையோடு தரையாக இறக்கி, அந்தி சாய்ந்தபின் காத்திருக்கிறார்கள். கெளுத்தி அடித்தரையில் மேயும் மீன்; இரவில்தான் அதற்குச் சுறுசுறுப்பு.

பேசினால் ஓடிவிடுமா?

"பேசாதே, மீன் ஓடிவிடும்" என்று பெரியவர்கள் அதட்டுவதுண்டு. இது பாதிதான் உண்மை. காற்றில் எழும் ஒலி நீர்ப்பரப்பில் மோதும்போது பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படுகிறது. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீருக்குள் நுழைகிறது. ஆனால் கரையில் தடதடவென்று ஓடினால் கதை வேறு. அந்த அதிர்வு மண் வழியாக நேரே நீருக்குள் சென்றுவிடும்.

கெளுத்தி அதைக் கேட்கவும் செய்யும். மீனின் உடலும் நீரும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி உள்ளவை. ஆகையால் ஒலி அலை, உடல் இருப்பதையே உணராததுபோல் ஊடுருவிச் சென்றுவிடும். ஆனால் உள்ளே இருக்கும் காற்றுப் பை, அதாவது நீந்துபை, எளிதில் சுருங்கி விரியக்கூடியது. அது ஒலிக்கேற்பத் துடிக்கும். அந்தத் துடிப்பை உட்செவிக்கு எடுத்துச் செல்லச் சின்னஞ்சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று கெளுத்தி, கெண்டை ஆகிய இனங்களில் உண்டு. இதை 1820ஆம் ஆண்டில் விவரித்தவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர். ஆகவே கரையில் பேசலாம், குதிக்கக் கூடாது!

உலோகக் குச்சியும் கண்ணாடிக் குச்சியும்

1917ஆம் ஆண்டில் பார்க்கர், வான் ஹ்யூசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான செய்தியை வெளியிட்டனர். கண் மறைக்கப்பட்ட கெளுத்தியின் அருகே கண்ணாடிக் குச்சியைக் கொண்டுசென்றால், தொடும்வரை அது பொருட்படுத்தவில்லை. உலோகக் குச்சியைக் கொண்டுசென்றாலோ, சில சென்டிமீட்டர் தொலைவிலேயே உணர்ந்துகொண்டது! உலோகம் நீரில் படும்போது மிக நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. கெளுத்தியின் தோலில் அதை உணரும் சிறு குழிகள் உள்ளன. உயிருள்ள ஒவ்வொரு புழுவும் பூச்சியும் தன்னைச் சுற்றி நுண்ணிய மின்புலத்தை உண்டாக்குகிறது. சேற்றில் புதைந்த இரையைக் கெளுத்தி கண்டுபிடிக்க இதுவும் உதவுகிறது.

மின்சாரம் என்றதும் ஓர் எச்சரிக்கை. சிலர் மின்கம்பியிலிருந்தோ பாட்டரியிலிருந்தோ நீரில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கிறார்கள். அது குஞ்சு, சினை என்று பாராமல் கொல்லும். ஈர உடலோடு நீரில் நிற்கும் மனிதனையும் கொல்லும். அப்படி யாரேனும் செய்வதைக் கண்டால் நீரில் கால் வைக்காதீர்கள்.

முள்ளின் பூட்டு

இப்போது முள்ளுக்கு வருவோம். கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள். அச்சுறுத்தப்பட்டால் மீன் அவற்றை விரித்து நிறுத்திக்கொள்ளும். பக்கமுள்ளின் அடிப்பகுதி தோள் எலும்பில் உள்ள பள்ளத்தில் அழுந்தி, உராய்வினால் இறுகிவிடுகிறது. எவ்வளவு பலமாக அழுத்தினாலும் மடங்காது. செத்த மீனிலும் விரிந்த முள் அப்படியே நிற்பதுண்டு.

முள்ளின் நுனிப் பரப்பு 0.1 சதுர மில்லிமீட்டர் என்று கொள்வோம். நீங்கள் மீனை ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையால் அழுத்திப் பிடித்தால், அந்த நுனியில் ஏற்படும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! தோல் எப்படித் தாங்கும்? நான் இறுகப் பற்றியதுதான் என் பிழை. முள்ளைக் குத்தவைத்தது என் கைதான். பழகியவர்கள் கோணியைப் போட்டு மீனை அமுக்குவார்கள். குறட்டால் முட்களை நறுக்கிய பிறகே கையால் தொடுவார்கள்.

குத்திவிட்டால் என்ன செய்வது?

தேளியின் பக்கமுட்களில் நஞ்சு உண்டு. அது புரத வகையைச் சேர்ந்தது. முட்டையின் வெள்ளைக் கரு சூட்டில் உருமாறுவதைப்போல இப்புரதமும் வெப்பத்தில் குலைகிறது என்பது ஒரு விளக்கம். சூட்டுணர்வு வலிச் செய்தியை மறைக்கிறது என்பது இன்னொரு விளக்கம். இரண்டில் எதுவாயினும் பயன் கண்கூடு. காயத்தைக் கழுவி, 45 டிகிரி அளவிலான, பொறுக்கக்கூடிய வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை கையை வைத்திருக்க வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. பிறகு மருத்துவரிடம் செல்ல வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். டெட்டனஸ் தடுப்பூசி தேவைப்படலாம். சேற்றுக் காயம் சீழ் பிடிக்கலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் வெந்நீருக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குத்துப்பட்ட கையில் வலியே நிறைந்திருக்கும். அந்தக் கையால் சூட்டைச் சரியாக மதிப்பிட முடியாது. 45 டிகிரி என்று நினைத்து 60 டிகிரியில் வைத்தால், முள் செய்ததைவிடப் பெரிய தீங்கை வெந்நீர் செய்துவிடும். டீக்கடைக்காரர் தம் கையை முதலில் விட்டுப் பார்த்ததன் காரணம் இதுதான். துணைக்கு ஆள் இல்லையென்றால் உங்கள் மற்றொரு கையால் சோதியுங்கள்.

சட்டியில் என்ன நடக்கிறது?

கெளுத்திக்குச் செதில் இல்லை. வழவழப்பான கோழைதான் கவசம். அதைப் போக்க அடுப்புச் சாம்பலையோ கல் உப்பையோ போட்டுத் தேய்ப்பார்கள். சாம்பலின் காரமும் சொரசொரப்பும் சேர்ந்து கோழையை அகற்றுகின்றன.

அடுத்தது சேற்று வாடை. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளே இந்த வாடைக்கும் முக்கியக் காரணம். குளத்திலுள்ள நுண்ணுயிரிகள் அதை உண்டாக்குகின்றன. அது மீனின் கொழுப்பில் தங்குகிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அமிலம் சேர்ந்தால் ஜியோஸ்மின் வாடையற்ற வேறொரு பொருளாக மாறுகிறது. புளியில் இருப்பதோ டார்டாரிக் அமிலம். கெளுத்திக் குழம்புக்குப் புளியை ஒரு பிடி கூடுதலாகக் கரைப்பதில் வேதியியல் இருக்கிறது! தேளியை உயிரோடு நல்ல தண்ணீரில் சில நாள் விட்டுவைத்தாலும் வாடை குறையும்.

குழம்பு நன்றாகக் கொதித்து வற்றிய பிறகே மீனைப் போடுகிறார்கள், ஏன்? மீன் தசையைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் ஆட்டிறைச்சியில் உள்ளதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கூழாகிவிடும். நெடுநேரம் கொதித்தால் துண்டுகள் உதிர்ந்துபோகும். ஆகவே கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து அலசுவார்கள். பத்து நிமிடம் போதும். ஆனால் நடுச்சதை வரை வெந்திருக்க வேண்டும். மண்சட்டி புளியோடு வினைபுரியாது; இறக்கிய பின்னும் சூட்டை வைத்திருந்து மெல்லக் கொதிக்கும். கரைந்த கொலாஜனே மறுநாள் குழம்பைக் கெட்டியாக்குகிறது.

எவற்றை விட்டுவிட வேண்டும்?

சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் நீரில் பிடித்த மீனை உண்ணாதீர்கள். கிருமிகள் கொதியில் சாகும். ஈயமும் பாதரசமும் சாகா. மழைக்காலப் புதுவெள்ளத்தில் வயலுக்கு ஏறிவரும் கெளுத்திகள் முட்டையிட வருபவை. அவற்றை விட்டுவிட்டால் அடுத்த கோடைக்கு மீன் உண்டு. ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்தி பிடிபட்டால் திரும்ப ஏரியில் விடாதீர்கள். அது நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்ப்பது. அதன் வளர்ப்பை இந்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது.

செய்து பாருங்கள்

1. ஒரு பாத்திரத்தில் குழாய் நீரை மெதுவாகச் சூடாக்குங்கள். கொதிக்குமுன்பே ஓரங்களில் சிறு குமிழ்கள் ஒட்டுகின்றனவா? அவை எங்கிருந்து வந்தன? கோடை ஏரியை நினைத்து விடை எழுதுங்கள்.

2. இரண்டு தம்ளர் நீரில் ஒவ்வொரு சொட்டு மை விடுங்கள். ஒன்றை அசைக்காமல் வையுங்கள். மற்றொன்றை மெல்லக் கலக்குங்கள். மை சீராகப் பரவ எவ்வளவு நேரம் ஆகிறது?

3. பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து 45 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெப்பமானியில் அளந்த பிறகு கையை வைத்து, அந்தச் சூடு எப்படியிருக்கும் என்று பழகிக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் வெப்பமானி கிடைக்காது அல்லவா?