மாசி பிறந்துவிட்டது: காட்டுக்குள் நெருப்பு வேண்டாம்

முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் தேக்கு இலையுதிர்த்துவிட்டது. மூங்கில் புதர்களுக்கடியில் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. கோடை மழை நன்றாகப் பிடிக்கும் வரை இக்காடுகளுக்கு வருகிறவர்களுக்கான அறிவுரை இது.

வழக்கமானவை முதலில். வெளிச்சம் வந்தபின் நுழையுங்கள், இருட்டுமுன் வெளியேறுங்கள். சோதனைச்சாவடியில் ஆள் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். குடிநீர் கொண்டுவாருங்கள், வற்றிவரும் ஓடையும் குட்டையும் விலங்குகளுக்கு, அங்கே இறங்காதீர்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். காலி பாட்டில் உங்களோடு திரும்ப வேண்டும். வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். சூடேறிய புகைக்குழாய் பட்டாலே புல் பற்றும்.

இனி நெருப்பு. பீடி, சிகரெட், அடுப்பு, குளிர்காயும் தீ, பட்டாசு எதுவும் கூடாது. "மிதித்து அணைத்துவிட்டுத்தான் வந்தோம்" என்று ஒவ்வொரு கோடையிலும் யாராவது சொல்கிறார்கள். மிதித்த துண்டு சருகுக்குள் புகைந்துகொண்டே கிடக்கும். பிற்பகல் காற்றில் அது பற்றும்போது நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். தீயை அடித்து அணைக்கத் தழைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறுகிறவர்கள் தீத்தடுப்புக் காவலர்கள், பெரும்பாலும் பக்கத்துப் பழங்குடி ஊர்களின் பிள்ளைகள். அவர்கள் உயிர் உங்கள் ஒரு சிகரெட்டுக்கு ஈடா?

உண்ணிச்செடி மண்டிய இடத்தில் தரைத்தீ புதரைப் பிடித்து மரக்கிளைக்கு ஏறிவிடும். எரிந்தால் புது இலையும் புல்லும் வருமே என்று வாதாடுகிறவர்களும் உண்டு. வரும், அந்த உண்ணிச்செடியும் வேரிலிருந்து தழைத்து வரும். கருகிய மரக்கன்று வராது. காட்டுக்கோழி தரையில் முட்டையிடும் காலமும் இதுதான்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காய்ந்த புல்சரிவில் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. இன்னமும் "தெரிந்த ஆள் கூட்டிப்போகிறார்" என்று அனுமதியில்லாத பாதையில் நுழைகிறவர்களை என்ன சொல்வது? போகாதீர்கள். தீ வந்தால் அந்தத் தெரிந்த ஆளுக்கும் வழி தெரியாது.

எங்காவது தீயைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். பக்கவாட்டில் விலகி வெறும் பாறைக்கோ ஓடைக்கோ ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலத்துக்கோ போங்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். பருத்தி உடையே நல்லது. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

சரணாலயத்துக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவதும், எரியும் தீயை விட்டுச்செல்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி குற்றம். தெரியாது என்ற பதில் செல்லாது.

புகை தெரிந்தால் படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அருகிலுள்ள சோதனைச்சாவடியிலோ 101, 112 எண்களிலோ உடனே சொல்லுங்கள். தீப்பெட்டியையும் லைட்டரையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.